ஆயில் பார்க்கும் விரல்

அன்றைக்கு ஷபீர் பாய் ஷெட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஷபீர் பாய். குருபரப்பள்ளியில் ரோட்டோரம் ஷெட். டீசல் வண்டி மட்டும் பார்ப்பார்.

கவுரம்மா. பேரிகைக்காரர். ஸ்கூல் வேன்கள் வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், திட்டுவதற்கு கன்னடம். டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா. வேப்பனப்பள்ளிப் பெண். ஓசூரில் ஃபோன் பாகம் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். கம்பெனிப் பெண்களை ஏற்றி நான் ஓட்டிய வேனுக்கு அவள் வீடுதான் முதல் ஸ்டாப்.

நான். அந்த வேனின் டிரைவர்.

அந்த வேன். அதையும் ஒரு ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். இஞ்சின் செத்து, ஷெட்டின் பின்பக்கம் செங்கல் மேல் ஏறி நின்றது.

கடைசியாக வந்தவர் எங்கள் முதலாளி. வேன் அவருடையது. பேர் எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் வீட்டம்மாவுக்குச் சங்கடம். அந்தம்மா நல்லவர். ‘அவர்’ என்று மரியாதை போட்டு எழுதுவது கைப்பழக்கம். வேறு காரணம் இல்லை.

அவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் இருந்தது. எல்லோருக்கும் இருக்கிறது. அவர் அதை வைத்து ஆயில் பார்ப்பார்.

சனிக்கிழமை சாயந்திரம் வேனை அவர் வீட்டு வாசலில் விட வேண்டும். இஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில். மூடிக்குக் கொண்டி பற்றவைத்துப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவர் அரைஞாணில். திறப்பார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவுவார். நுனியில் விரலை வைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்ப்பார். கண்ணை மூடுவார். மோந்து பார்ப்பார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அப்புறம் சொல்வார்.

“இன்னும் நாலாயிரம் ஓடும்.”

விரலை என் சட்டைத் தோளில் துடைப்பார். காக்கிச் சட்டை, தெரியாது என்பார். ஒருமுறை நான் நகர்ந்துகொண்டேன். நகர்ந்த இடத்துக்கு வந்து துடைத்தார்.

அடுத்த மாதமும் அதே நாலாயிரம்தான். அதற்கடுத்த மாதமும். சொந்த வேன் என்றால் அவர் விரலுக்குக் குறைத்துச் சொல்லத் தெரியாது.

ஷபீர் பாய் ஒரு தடவை சொன்னார். “சார், நம்ம பக்கம் ஏத்தம். உள்ள பொம்பளைப் புள்ளைங்க நெறய லோடு. கம்பெனி கேட்டுல இஞ்சின் ஓடிக்கினே நிக்குது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஆயில மாத்திடுங்க. மிஞ்சிப்போனா பத்து.”

“பாய், நீ சொல்றது எட்டு. கம்பெனிக்காரன் புஸ்தகத்துல பத்து. என் விரல் சொல்றது இருவது. இதுல எது என் வண்டிய வாராவாரம் பாக்குது?”

“வெரல் தான் சார்.”

“அப்ப விடு.”

பாய் விட்டுவிட்டார். வண்டி அவருடையது இல்லை.

வேன் ஸ்டாண்டில் இதை வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அவரு விரல் வெச்சா தப்பாது, மெஷின் மாதிரி என்றார்கள். சூளகிரி, குருபரப்பள்ளி ஸ்டாண்டில் வண்டி வைத்திருந்தவர்கள் கம்பியை உருவி எடுத்துக்கொண்டு அவரிடம் வந்து நிற்பார்கள். அவர் தேய்ப்பார். நாலாயிரம், மூவாயிரம், ரெண்டாயிரம் என்பார். அவர்களுக்குச் செலவு தள்ளிப்போனது. அதனால் நம்பினார்கள்.

எனக்கு அந்த விரலைத் தெரியும். டீக்கடையில் எல்லோரும் டம்ளர் விளிம்பைப் பிடிக்கும்போது அவர் கொதிக்கிற டம்ளரின் நடுவில் அந்த விரலைச் சுற்றிப் பிடித்துக் குடிப்பார். தோல் காய்த்து மரக்கட்டையாகிவிட்டது. அதில் சூடும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

அவர் முன்னால் ஓசூரில் ஒரு ஃபேக்டரி ஸ்டோரில் இருந்தவர். லைனில் நிற்கிறவர்களுக்குக் கையுறை கொடுக்கிற வேலை. கிழிந்ததைக் காட்டினால்தான் புதுசு. வலது கை கிழிந்தால் வலது கைக்கு மட்டும் புதுசு. இடது கைக்குப் பழசு. இதை அவரே பெருமையாகச் சொல்வார். “நான் இருந்த வரைக்கும் ஒரு ஜோடியா குடுத்தது கெடையாது.” கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அங்கிருந்து வெளியே வந்த பிறகு வேன் வாங்கினார். தனக்கு ஒரு வெள்ளைக் காரும் வாங்கினார். காருக்கு உறை போட்டு, உறைக்கு மேலே ஒரு பழைய படுதாவும் போட்டு மூடுவார்.

அந்தக் கார் சங்கதிதான் முக்கியம்.

காருக்கு அவர் விரல் வைத்துப் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வந்தால் ஷோரூமுக்குப் போவார். சில சமயம் வருவதற்கு முன்னாலேயே போவார். ஆயில் மாற்றுகிற பையன்கள் பக்கத்தில் நிற்பார். இறக்கின பழைய ஆயிலைக் கேனில் பிடித்துக் கொடுக்கச் சொல்வார். அவர்கள் அப்படிக் கொடுக்கிறதில்லை என்றால், “எண்ணெய் என்னுது. காசு குடுத்து வாங்குனது. உனக்கு என்னாத்துக்கு?” என்பார். கேனை மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

அந்த ஆயில்தான் வேனுக்கு.

பெட்ரோல் காரில் ஓடி முடித்து இறக்கினதை டீசல் வேனில் ஊற்றுவார். வேனிலிருந்து ஒரு கேன் இறக்கி, இந்த ஒரு கேனை ஏற்றுவார். வேனில் இறக்கினது அவர் ஸ்கூட்டருக்கு. ஸ்கூட்டரில் இறக்கினது கேட் கீலுக்கும் தென்னை மரத்து அடியில் கரையானுக்கும். அந்த வீட்டில் ஆயிலுக்கு ரிட்டையர்மெண்ட் கிடையாது.

“ஆயில் மாத்தியாச்சு,” என்பார் என்னிடம். கை கழுவிக்கொண்டே சொல்வார். அது பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்டாலும் மாற்றினேன் என்றுதான் சொல்வார்.

நான் ஒரே ஒரு முறை கேட்டேன். “சார், ரொம்ப கருப்பா இருக்குது சார்.”

“கருப்பு தான்டா உழைச்ச நெறம். உழைக்கிறவன வெளிய அனுப்புவியா?”

எனக்கு முன்னால் அந்த வேனை ஓட்டின டிரைவர்கள் ஒருத்தரும் வருஷம் முழுக்க இருந்ததில்லை. உழைக்காதவர்கள் போலிருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். லீவு கேட்டேன். மாத்திரை இருக்கிறது என்று உள்ளே போனார். ஒரு அட்டை கொண்டுவந்தார். பாதி காலி. போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் கொடுத்ததாம். அஞ்சு நாளைக்குக் கொடுத்தாராம். ரெண்டு நாளில் இவருக்குச் சரியாகிவிட்டதாம்.

“மிச்சம் அப்படியே இருக்குது. நல்ல மாத்திரை.”

வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து சாக்கடையில் போட்டேன். வேனும் நானும் அவருக்கு ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. வேனால் துப்ப முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்ச நாளில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு. கேட்டில் நிற்கும்போது எரியும். ஓடினால் அணையும். பிறகு ஓடினாலும் எரிந்தது. போய்ச் சொன்னேன்.

வந்து பார்த்தார். வேனில் வருகிற பெண்கள் டேஷ்போர்டு ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைப்பார்கள். வேர்வையில் விழுகிறதை மறுநாள் எடுத்து வைத்துக்கொள்ள. அதில் பெரிய கருப்புப் பொட்டாக ஒன்றைப் பிய்த்தார். விளக்கின் மேல் ஒட்டினார். விரலால் அழுத்தினார்.

“இப்ப எரியுதா?”

“எரியுது சார். தெரியல.”

“தெரியாததுக்கு ஏன் கவலப்படற?”

மறுநாள் காலையில் ஸ்டெல்லா ஏறியதும் பார்த்தாள். “ண்ணா, என் பொட்ட யாரு எடுத்தது?”

“முதலாளி.”

“அவருக்கு எதுக்கு?”

“வேனுக்கு வெச்சிருக்காரு.”

அவள் குனிந்து பார்த்தாள். பொட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. “பொட்டு வெச்சு அனுப்பறாரு. எங்க அனுப்பறாரோ,” என்றாள். பின்னால் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலையை விட்டிருக்க வேண்டும். விட்டால் அடுத்தது என்ன என்று தெரியாமல் ஓட்டினேன்.

மேலுமலை ஏற்றத்தில் நின்றது. காலை ஷிப்டுக்குப் போகிற நேரம். முதலில் தட்டுகிற சத்தம். அப்புறம் ஒரு முறுக்கு. அப்புறம் ஒன்றுமில்லை. ஹைவேயில் ஓரம் கட்டக்கூட இஞ்சின் இல்லை. பெண்கள் இறங்கித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இஞ்சின் சீஸ் என்பார்கள்.

ஸ்டெல்லா ரோட்டில் கையை நீட்டி ஒரு பிக்கப்பை நிறுத்தினாள். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி ஏற்றக் காலிப் பெட்டிகளோடு போகிற வண்டி. வழி வேறு. அவள் பேசி சூளகிரி வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னாள். எல்லோரும் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனார்கள். அன்றைக்குக் கம்பெனியில் லேட்.

அவர் ஸ்கூட்டரில் வந்தார். பூட்டைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. மூடினார். அதற்குள் பின்னால் வந்த நாலைந்து வேன்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“போன வாரந்தான் ஆயில் மாத்துனேன். இவன் ரேடியேட்டருக்குத் தண்ணி பாக்கல. இஞ்சினத் தின்னுட்டான்.”

சாயந்திரத்துக்குள் ஸ்டாண்ட் எல்லாம் அந்தப் பேச்சுதான். இஞ்சினைத் தின்ன டிரைவர். எங்கள் தொழிலில் இதற்கு மேல் கெட்ட பேர் இல்லை. குடிகாரனுக்குக்கூட வண்டி கொடுப்பார்கள், பகலில். இஞ்சினைத் தின்னவனுக்குச் சாவி கொடுக்க மாட்டார்கள். அடுத்த நாள் சூளகிரியில் ரெண்டு பேரிடம் வேலை கேட்டேன். ஒருத்தர் சொன்னார், “தண்ணி ஊத்தறதுக்கு என்னப்பா கஷ்டம்?” இன்னொருத்தர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

தண்ணி நான் தினம் ஊற்றினேன். முதல் ஸ்டாப்பில், ஸ்டெல்லா வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுவேன். அதைச் சொல்லத்தான் அவள் வாராந்திர லீவு நாளில் பாய் ஷெட்டுக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை.

கவுரம்மா தன் வேன் ஒன்றுக்கு ஆயில் மாற்ற வந்திருந்தார். வேலை முடிந்து, வேன் ஷெட் வாசலில் பானெட் தூக்கி நின்றது. பழைய ஆயிலை பாய் டிரம்மில் ஊற்றிவிட்டார். நான் வேலை கேட்டேன். கவுரம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஏமப்பா, இஞ்சினத் தின்னவன் நீதானே.”

“தண்ணி ஊத்துனேன்மா.”

“எங்க வீட்டுக் கொழாய்ல தாங்க பிடிப்பாரு,” என்றாள் ஸ்டெல்லா. “தெனமும். எங்கம்மா தண்ணி தீருதுன்னு திட்டுவாங்க. அந்த அளவுக்கு ஊத்துவாரு.”

“நீ அவன் வேன்ல போறவ. அவனுக்குத்தான் பேசுவ.”

“அந்த வேன்ல போறவ, அதனால தான் பேசறேன். அந்த சாரு எனக்குப் பொட்டு பாக்கி.”

கவுரம்மாவுக்கு அது புரியவில்லை. ஸ்டெல்லா விளக்குக் கதையைச் சொன்னாள். கவுரம்மா கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“எது எப்படியோ, ஆயில் விஷயத்துல அவர மிஞ்ச ஆள் கெடையாதுன்னு ஸ்டாண்டே சொல்லுது. வெரல் வெச்சா தப்பாதுன்றாங்க. அவரு கெட்ட ஆயில விட்டிருப்பாருன்னா எப்படி நம்பறது?”

அதுதான் நிலைமை. ஒரு பக்கம் அவர் விரல். இன்னொரு பக்கம் என் வாய். என் வாய்க்கு அந்த ரோட்டில் மதிப்பில்லை.

பாய் தகரத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். எங்கள் வேனுக்கு அடியில் படுத்தார். அடி நட்டைக் கழற்றினார். உடனே எதுவும் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்தினார். அப்புறம் வந்தது. ஊற்றவில்லை. இறங்கியது. அல்வா பதத்துக்கு முன்னால் ஒரு பதம் இருக்குமே, அப்படி.

தட்டை இழுத்துக்கொண்டு வந்து, கவுரம்மாவுக்குத் தெரியட்டும் என்று வாசலில் வெயிலில் வைத்தார். ஸ்கூல் வேனுக்குப் பக்கத்தில். கருப்புக்குள்ளே பொடிப்பொடியாக மினுமினுத்தது. இஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்து தூளாகிக் கலந்தால் அப்படி மினுக்கும்.

கவுரம்மா குனிந்து பார்த்தார். “தண்ணி இல்லாம சூடேறினாலும் ஆயில் கருகும் இல்ல பாய்?”

“கருகும்மா.”

“அப்ப இத வெச்சு என்ன சொல்ல முடியும்?”

பாய் பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

அவர் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார். காறித் துப்புவது போல முகத்தை வைத்துக்கொண்டார். பின்பக்கம் நின்ற வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நடந்து வந்தவர் தட்டைப் பார்த்ததும் நின்றார். இறக்கின ஆயிலைப் பார்த்தால் அவரால் தாண்ட முடியாது. சில பேருக்கு இலையில் மிச்சம் இருந்தால் எழுந்திருக்க முடியாதே, அந்த மாதிரி.

பானெட் தூக்கியிருந்த ஸ்கூல் வேனைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கவுரம்மாவைப் பார்த்தார்.

“உன் வண்டில எறக்குனதா?”

நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா என் முழங்கையைக் கிள்ளினாள். பாய் ஏற்கனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

கவுரம்மா சாவி சுற்றுவதை நிறுத்தினார்.

“நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணா. எப்படி இருக்குது?”

அவர் பேண்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக் குந்தினார். விரலை விட்டார். எடுத்தார். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். கண்ணை மூடினார். மோந்தார். வெயிலுக்கு நேரே தூக்கினார். ஒன்றும் அவசரமில்லை. எல்லாம் முறைப்படி.

“ஏம்மா, இதையா எறக்குன?”

“ஏண்ணா?”

“கெட்டியப் பாரு. இப்ப டப்பாவுல வர்றது எல்லாம் தண்ணி. இது நிக்குது பாரு, விரல்ல. மோந்து பாரு. கருகல் இருக்குதா? சூடே படாத ஆயில் இது.”

“கருகவே இல்லீங்களா?”

“நான் சொல்றேன் இல்ல. மினுமினுப்பப் பாரு. தங்கம் மாதிரி. யாரு சொன்னது இத எறக்கச் சொல்லி, இந்த பாயா?” பாய் பக்கம் திரும்பினார். “பொம்பளன்னு ஏமாத்தறயா பாய்? ஒரு கேன் எடு. நான் கொண்டு போறேன். என் வேன் சரியானதும் இதத்தான் ஊத்தப் போறேன்.”

பாய் கேன் எடுக்கப் போகவில்லை. ஸ்டெல்லா சுவர்ப் பக்கம் திரும்பி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். வேன் பின்னால் செங்கல் மேல் நின்றது. அடி நட்டு இருந்த ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு தொங்கியது. விழவில்லை. அவ்வளவு கெட்டி. அவர் திரும்பியிருந்தால் பார்த்திருக்கலாம். அந்த வேனை அவர் எப்போது பார்த்தார்.

எழுந்து நின்றார். விரலைத் துடைக்க என் சட்டையைத் தேடினார். நான் தள்ளி நின்றேன். ஒரு அடி கிட்டே வந்தார். நான் ஒரு அடி போனேன். கையை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

கவுரம்மா அன்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்கில்லை. சாவியை விரலிலிருந்து கழற்றி, வேன் பம்பரின் மேல், என் பக்கமாக வைத்தார்.

பிறகு அவரிடம் கேட்டார். குரலில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரைக் கேட்கிற மாதிரி.

“அண்ணா, இது இன்னும் எவ்வளவு ஓடும்?”

அவர் கருப்பு விரலை இன்னொரு முறை வெயிலில் பிடித்தார். கண்ணை மூடினார்.

“மூவாயிரம் கிலோமீட்டர்.”